கேட்ட விலை, முடிந்த விலை

புக்கிட் மேராவில் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே மறுவிற்பனை வீடு வாங்க வேண்டும் என்று நானும் கணவரும் மூன்று மாதமாக அலைகிறோம். காலை ஒலிபரப்பு முடிந்ததும் வீட்டு விளம்பரம் பார்ப்பதே எனக்கு வேலை.

அண்மையில் ஒரு நான்கறை வீடு பார்த்தோம். விளம்பரத்தில் 900,000 வெள்ளி. 855,000க்கு முடிக்கலாம் என்றார் முகவர். 855ஐ 900ஆல் வகுத்தால் 95 விழுக்காடு. 45,000 வெள்ளி மிச்சம் என்று கணவருக்கு ஒரே மகிழ்ச்சி.

ஆனால், கேட்கும் விலை விற்பவரின் ஆசைதானே? இதே வீட்டுக்கு முதலில் 950,000 கேட்டிருந்தார்கள். அதை வைத்து வகுத்தால் 90 விழுக்காடு. முடியும் விலை அதேதான். விகிதம் மட்டும் இன்னும் இனிக்கிறது.

நம் கையிருப்பைத் தொடுவது மதிப்பீடு. 2014 மார்ச் முதல், விலை பேசி, 1,000 வெள்ளி வரை முன்பணம் கொடுத்து வாங்கும் உரிமையைப் பெற்ற பிறகே வீவகவிடம் மதிப்பீடு கேட்க முடியும். அது 820,000 என்று வந்தால், மீதி 35,000 வெள்ளிக்கு மசேநியும் உதவாது, வீட்டுக் கடனும் கிடைக்காது. ரொக்கமாகவே கட்ட வேண்டும். பின்வாங்கினால் முன்பணம் போய்விடும்.

அதனால், வீவக இணையத்தளத்தில் அக்கம்பக்கத்து புளோக்குகளில் அண்மையில் கைமாறிய விலைகளைக் குறித்துக்கொள்கிறேன். பரப்பளவு, மாடி, எஞ்சிய குத்தகை மூன்றும் ஒத்துப்போகும் வீடுகள் மட்டும். “எவ்வளவு குறைத்தார்கள்?” என்று அம்மா கேட்கும்போது, “பக்கத்து புளோக்கில் எவ்வளவுக்குப் போனது என்று கேளுங்கள்மா” என்கிறேன்.