குறைவாகக் கேட்பவர்

கண்டியில் வாழ்வோருக்குப் பொல்கொல்ல அணைக்கட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1976 முதல் அங்கிருந்து சுரங்கவழியே உக்குவெலைக்குத் திருப்பப்படும் மகாவலி நீர், உலர்வலய வயல்களுக்குப் போகிறது. விக்டோரியாவின் சுழலிகளை அது அடைவதில்லை. கமக்காரர் கேட்பது ஒன்று, மின்சாரத் துறையினர் கேட்பது வேறொன்று.

ஜெனீவா அருகே சேர்ன் நிறுவனத்தின் பெரிய ஹாட்ரன் மோதுவியிலும் ஏறக்குறைய இதே வழக்குத்தான். 27 கிலோமீற்றர் வளையத்தில் எதிரெதிராகச் சுற்றும் புரோத்தன் கற்றைகள் நான்கு இடங்களில் மோதவிடப்படுகின்றன. அட்லஸ், சி.எம்.எஸ். பரிசோதனைகளுக்கு எத்தனை மோதல் கிடைத்தாலும் போதாது. எல்.எச்.சி.பி. அளவாகக் கேட்கும். அலிஸோ அவற்றின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட ஏற்பதில்லை. அதன் உணர்கருவிகள் திணறிவிடும். ஆகவே அங்கு கற்றைகளைச் சற்றே விலக்கி, ஓரம் உரசிப் போகும்படி செலுத்துகிறார்கள். குறைவாகக் கேட்பவரைத் திருப்திப்படுத்த இத்தனை பாடா!

அலிஸ் முக்கியமாக அமைக்கப்பட்டது ஈய அயன்களுக்காக. அவை முதன்முறை மோதியது 2010 நவம்பரில். பின்னரும் பெரும்பாலும் ஆண்டிறுதியில் சில வாரங்களே அவற்றுக்குக் கிடைத்தன. அவ்வாரங்களில் இயந்திரம் பழுதுபட்டால், ஆண்டு முழுதும் காத்திருந்தவருக்கே பேரிழப்பு. போதாதற்கு, ஆர்முடுக்கியை இயக்குவோரும் தமது சொந்தச் சோதனைகளுக்கு நாட்கள் கேட்பார்கள். இவர்களுக்கிடையே பேசித் தீர்க்கவென்றே இணைப்பாளர்கள் உண்டு.

எந்த வாரம் எதற்கு என்ற ஆண்டு அட்டவணை இணையத்தில் எவரும் பார்க்கும்படி வெளியாகிறது. பத்திரிகைக்காரனான எனக்கு, அந்த இயந்திரத்தைவிட அந்த ஒற்றைத்தாள் மீதே அதிக மதிப்பு.