வீட்டுக்கு ஒருத்தர்

கவுன்சிலிங் சமயத்தில் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க அப்பா தையல் கடையைப் பூட்டிட்டு என்கூட இ-சேவை மையத்துக்கு வந்தார். ஃபீஸ் குறைஞ்சது. அந்தச் சலுகை வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான்னு அன்னைக்கு நான் யோசிக்கவே இல்லை.

இப்போ தங்கச்சி பிளஸ் டூ. "எனக்கும் அது உண்டாண்ணா?"ன்னு கேட்டா. பதில் வரல.

ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து தேடினேன். ஏஐசிடிஇ-யின் பிரகதி உதவித்தொகை: இன்ஜினியரிங் முதல் வருஷம் சேரும் பெண்களுக்கு வருஷம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கணும். மார்க் வச்சுத்தான் தேர்வு, அதனால நிச்சயமில்லை. (உங்க தங்கச்சிகிட்டயும் சொல்லிடுங்க.)

அதனால ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை நிறுத்திட்டேன். மாசம் 600 ரூபாய் சேருது. வருமானச் சான்றிதழுக்கு அப்பா கடையைப் பூட்ட வேண்டாம். சனிக்கிழமை நானே ஊருக்குப் போறேன்.