ஜி.பி. ரோட்டில் ஒரு 'கொய்ங்' வேட்டை!

காலை பத்து மணிக்கு ஷட்டர்கள் ஏறத் தொடங்கும்போதே, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார்கள் வந்து ஓரம் கட்ட ஆரம்பித்துவிடுகின்றன. முழுப்பெயரைச் சொன்னால் சென்னைக்காரர்களே ஒரு விநாடி யோசிப்பார்கள். 'ஜி.பி. ரோடு' என்றால் உடனே கை காட்டிவிடுவார்கள். அண்ணா சாலையிலிருந்து பிரிந்து ராயப்பேட்டை பக்கம் போகும் சாலை இது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ராணுவ அதிகாரி ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வெலிங்டன், மிட்லண்ட் தியேட்டர்கள் இருந்த காலத்தில் சினிமாவுக்காகக் கூட்டம் வந்த இடம். இன்று கூட்டம் வருவது காருக்காக. சீட் கவர், தரை மேட், ஹாரன், கேமரா, டச் ஸ்க்ரீன், ஸ்பீக்கர், ஊஃபர் என எல்லாம் இங்கே கிடைக்கும்.

கடைகள் சின்னவைதான். வேலை நடப்பதெல்லாம் வெளியே, ரோட்டோரத்தில். கதவைத் திறந்து போட்ட கார் ஒன்றில் பாதி உடம்பை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தபடி ஓர் இளைஞர் படுத்திருப்பார். அவர் கால்களைத் தாண்டித்தான் பாதசாரிகள் நடக்க வேண்டும். பக்கத்துக் காரின் டிக்கியில் ஊஃபர் பெட்டி 'தம் தம்' என்று அதிரும். அதற்கடுத்த காரில் சீட் கவருக்கு அளவெடுப்பார்கள்.

புது செட் மாட்ட வருபவர்களின் முகத்தில் கல்யாணக் களை தெரியும். ஆனால், சிலர் கொஞ்சம் கடுப்போடு வருவார்கள். "அண்ணே, போன மாசம்தான் வீட்டுப் பக்கத்துக் கடையில செட் மாட்டினேன். பாட்டு நல்லாத்தான் கேட்குது. ஆனா, ஆக்ஸிலேட்டர் மிதிச்சா கூடவே 'கொய்ங்'னு ஒரு சத்தம். பாட்டை நிறுத்தினாலும் அது நிக்க மாட்டேங்குது!"

இந்த ரோட்டின் பழைய கைகளுக்கு இது அன்றாடம் கேட்கும் புகார். அவர்கள் செய்யும் முதல் வேலை, ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைப்பதுதான்.

முதலில் காது, பிறகு கை

"சார், வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. சாவியை ஒரு திருப்பு மட்டும் திருப்பி, செட்டை ஆன் பண்ணுங்க."

சத்தம் இல்லை. "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க." மெல்லிய 'ங்ங்ங்' கேட்கிறது. "லேசா மிதிங்க." அது 'கொய்ய்ய்ங்' என்று மேலேறுகிறது. காலை எடுத்தால் இறங்குகிறது.

இந்த இரண்டு நிமிடச் சோதனையிலேயே பாதி விடை கிடைத்துவிடும். இன்ஜின் ஓடும்போது மட்டும் சத்தம் வந்து, வேகத்தோடு அது ஏறி இறங்கினால், அதன் பிறப்பிடம் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர். பழைய மெக்கானிக்குகள் இன்னும் 'டைனமோ' என்றுதான் சொல்வார்கள். இன்ஜின் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுத்து பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி அது. அதற்குள் பிறப்பது மாறுதிசை மின்சாரம். உள்ளே இருக்கும் டயோடுகள் அதை நேர்திசை மின்சாரமாக மாற்றுகின்றன. மாற்றிய பிறகும் அதில் சின்னச் சின்ன அலைகள் மிச்சம் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 துருவங்கள் கொண்ட ஆல்டர்னேட்டர், இன்ஜினைப்போல இரண்டரை மடங்கு வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது, மிச்ச அலை விநாடிக்கு 1,200 முறை துடிக்கும். 3,000 சுற்றுக்குப் போனால் 4,500 முறை. இரண்டுமே மனிதக் காதுக்கு நன்றாகக் கேட்கும் எல்லைக்குள் இருப்பவை. மிதிக்க மிதிக்க ஏறும் அந்தச் சங்கீதம் இதுதான்.

எல்லாச் சத்தமும் 'கொய்ங்' அல்ல. 'டிக் டிக் டிக்' என்று இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஓடினால், பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க் பிளக் பக்கம் சந்தேகம் திரும்பும். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது என்பதால் அந்தக் கேள்வியே எழாது. மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே சுருதியில் முனகினால், பெட்ரோல் டேங்கில் இருக்கும் பம்ப்பாக இருக்கலாம். இன்ஜின் நின்றிருக்கும்போதும் 'உஸ்ஸ்' என்று கேட்டால், ஆம்ப்ளிஃபயரில் கெய்ன் திருகியை எவரோ அளவுக்கு மீறித் திருகி வைத்திருக்கிறார் என்று பொருள். வால்யூமைக் கூட்ட அதைத் திருகுபவர்கள் நிறையப் பேர். உண்மையில் அது வால்யூமுக்கான திருகி அல்ல; செட்டிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்துவதற்கானது.

குற்றவாளி ஒரு போல்ட்!

ஆல்டர்னேட்டரின் அலை எல்லாக் கார்களிலும் இருக்கிறது. பிறகு ஏன் சில கார்களில் மட்டும் ஸ்பீக்கர் வரை வருகிறது? இங்கேதான் 'எர்த்' விவகாரம் வருகிறது.

காரில் பேட்டரியின் நெகட்டிவ் முனை, வண்டியின் இரும்பு உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். செட்டுக்கு டேஷ்போர்டு பக்கம் ஓர் இடத்தில் எர்த் கொடுத்திருப்பார்கள். ஆம்ப்புக்கு டிக்கியில் இன்னோர் இடத்தில் கொடுத்திருப்பார்கள். டிக்கி எர்த், பெயின்ட் மேலேயே முடுக்கப்பட்டிருந்தால்? பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரைகளில் கிடைக்கும் கொஞ்சநஞ்சத் தொடர்புதான் மிஞ்சும். நல்ல வழி கிடைக்காத மின்சாரம், செட்டையும் ஆம்ப்பையும் இணைக்கும் சிக்னல் ஒயரின் மேல்வலை வழியாகத் திரும்பப் பார்க்கும். அந்த ஒயரில் ஏற வேண்டியது பாட்டு மட்டும்தான். இப்போது ஆல்டர்னேட்டரும் டிக்கெட் இல்லாமல் ஏறிவிடுகிறது.

வைத்தியம் எளிமையானது. போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தின் பெயின்ட்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் பளபளவென்று இரும்பு தெரியும்படி ஆக்குகிறார்கள். எர்த் ஒயரைக் குட்டையாக வெட்டி, முனையில் வளையம் மாட்டி இறுக்குகிறார்கள். துரு பிடிக்காமலிருக்க மேலே கொஞ்சம் கிரீஸ். சென்னை உப்புக்காற்று ஊர். போதாக்குறைக்கு 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை என மூழ்கி எழுந்த கார்களும் உண்டு. அப்படிப்பட்ட வண்டிகளில் வெளியே எல்லாம் மினுமினுப்பாக இருக்கும். மேட்டைத் தூக்கினால் எர்த் போல்ட் துருவேறிக் கிடக்கும்.

எர்த் சரியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டர் சொல்லிவிடும். பாட்டு ஓடும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் ஆம்ப்பின் எர்த் முனைக்கும் இடையே அளந்தால், கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. மீட்டர் இல்லாவிட்டால் இன்னொரு வழி: ஆம்ப்பில் சொருகியிருக்கும் சிக்னல் ஒயரைக் கழற்றிப் பார்ப்பார்கள். சத்தம் நின்றால், அது செட்டிலிருந்தோ சிக்னல் ஒயர் வழியாகவோ வருகிறது. நிற்காவிட்டால், ஆம்ப்பையும் அதன் பவர் ஒயரையும் பார்க்க வேண்டும்.

அடுத்த சந்தேகம், ஒயர் போகும் பாதை. பேட்டரியிலிருந்து வரும் தடித்த பவர் ஒயரையும் மெல்லிய சிக்னல் ஒயரையும் ஒரே பக்கமாக, ஒரே கட்டாகக் கட்டி டிக்கிக்குக் கொண்டுபோவது சோம்பேறி வேலை. பவர் வலது பக்கம், சிக்னல் இடது பக்கம் என்று பிரிப்பதுதான் முறை. குறுக்கே கடந்தே ஆக வேண்டுமென்றால், கூட்டல் குறி போலக் கடக்க வேண்டும்.

90 ஆண்டுக்கு முந்தைய தலைவலி

இந்தத் தொல்லை ஜி.பி. ரோட்டில் பிறந்ததல்ல. 1930-ல் அமெரிக்காவில் கால்வின் நிறுவனம் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் ரேடியோ விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து கார் ரேடியோக்காரர்களின் பெரிய தலைவலியே இன்ஜின் சத்தம்தான். ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறி, ரேடியோவில் பட்டாசாக வெடித்தது. பிளக்குகளில் தடுப்பான்கள் மாட்டித்தான் அதை அடக்கினார்கள். இன்றைய பெட்ரோல் கார்களின் பிளக்குக்குள்ளேயே அந்தத் தடுப்பான் வந்துவிட்டது.

ஆனால், புதுத் தொல்லைகள் சேர்ந்திருக்கின்றன. எஃப்.எம். மட்டும் கரகரக்கிறது, ப்ளூடூத்தில் பாட்டு சுத்தமாகக் கேட்கிறது என்றால், கடைக்காரரின் கை முதலில் போவது சிகரெட் லைட்டர் துளையில் சொருகியிருக்கும் மலிவு மொபைல் சார்ஜருக்கு. அதைப் பிடுங்கியதும் எஃப்.எம். தெளிந்துவிட்டால் வேலை முடிந்தது! கண்ணாடியில் ஒட்டிய கேமரா, புதிதாக மாட்டிய எல்.இ.டி. பல்பு ஆகியவையும் இதே குறும்பைச் செய்யும். மொபைலை ஆக்ஸ் ஒயரில் பாட்டுக்கும், அதே நேரத்தில் சார்ஜருக்கும் மாட்டினால் 'கொய்ங்' வருகிறதா? அங்கேயும் எர்த் சண்டைதான். ப்ளூடூத்துக்கு மாறினால் அடங்கிவிடும்.

மின்சாரமே சம்பந்தப்படாத சத்தமும் உண்டு. குறிப்பிட்ட பாட்டில், குறிப்பிட்ட டிரம் அடிக்கு மட்டும் கதவு 'கிர்ர்' என்கிறதென்றால், ஸ்பீக்கர் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். கதவு பாக்கெட்டில் கிடக்கும் டோல்கேட் சில்லறை, உடைந்த டோர் பேட் கிளிப், உள்ளே தொங்கும் ஒயர்... இவற்றில் ஒன்றாக இருக்கலாம். உள்ளங்கையால் கதவை அழுத்திப் பிடித்தால் சத்தம் அடங்கும். எந்த இடத்தில் அழுத்தும்போது அடங்குகிறதோ, அங்கேதான் ஆள் ஒளிந்திருக்கிறார்.

ஸ்ஸ்... பர்ஸ் பத்திரம்!

சரியாகக் கேட்காமல் விட்டால், போவது பணம். "செட்டு போயிடுச்சு, மாத்திடுங்க" என்று எவராவது சொல்ல, புது செட் மாட்டி, அதிலும் அதே 'கொய்ங்' வர, ஆம்ப்பையும் மாற்றி, கடைசியில் இங்கே வந்து ஒரு போல்ட்டில் முடிந்த கதைகள் இந்தத் தொழிலில் சகஜம். சத்தத்தை வடிகட்டும் ஃபில்டர்களும் கிடைக்கின்றன. அவை வலி மாத்திரை மாதிரி. எர்த்தைப் பார்க்காமல் ஃபில்டர் மாட்டினால் சத்தம் அடங்கலாம். கோளாறு அப்படியே இருக்கும்.

பணத்தைவிடப் பெரிய விஷயமும் இதில் இருக்கிறது. தளர்ந்த இணைப்பு சூடாகும். பேட்டரியிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் பவர் ஒயரில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது இல்லாமல், இரும்பு ஓட்டையின் கூர்முனையில் உரசியபடி அந்த ஒயர் போனால், ஒருநாள் தோல் கிழிந்து உடம்பில் பட்டுத் தீப்பற்றலாம். பின்சீட்டில் குழந்தைகள் தூங்கும் வண்டி அது. அதனால்தான் இங்குள்ள அனுபவசாலிகள், சத்தத்துக்காக வந்த வண்டியாக இருந்தாலும் பேனட்டைத் தூக்கி ஃபியூஸை ஒருமுறை பார்த்துவிடுகிறார்கள். "டேய் தம்பி, இந்த ஒயருக்கு ரப்பர் போடாம விட்டிருக்காங்க பாரு. முதல்ல அதை மாட்டு!"

பாகம் எதுவும் வேண்டுமென்றால் ஆள் அனுப்ப அதிக தூரம் இல்லை. அண்ணா சாலையின் மறுபுறம், சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி, எலெக்ட்ரானிக்ஸ் பொருள்களுக்கான ரிச்சி ஸ்ட்ரீட். பழைய காரின் கிளிப்போ கப்ளரோ வேண்டுமென்றால் கூவம் ஓரத்துப் புதுப்பேட்டை. இந்த மூன்று இடங்களுக்கும் இடையே பைக்கில் பறந்துகொண்டே இருக்கிறார்கள் கடைப் பையன்கள்.

தொழில் மாறிக்கொண்டிருக்கிறது. புதுக் கார்கள் கம்பெனியிலேயே பெரிய திரையோடு வருகின்றன. ஏ.சி., ரிவர்ஸ் கேமரா எல்லாம் அந்தத் திரைக்குள்ளேயே இருக்கும்போது, அதைக் கழற்றி வேறு செட் மாட்ட ஆசைப்படுபவர்கள் குறைவு. தெரியாமல் ஒயரை வெட்டினால் வாரன்டிக்கும் சிக்கல். ஆனால், ஊஃபர் ஆசை போகவில்லை. பழைய கார்களும் ரோட்டை விட்டுப் போகவில்லை. அதனால் சத்தத்தைக் கேட்டே இடத்தைச் சொல்லும் காதுகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

ஜி.பி. ரோட்டுக்குப் போவதாக இருந்தால், காலையில் கடை திறக்கும் நேரத்தில் போவது நல்லது. மாலையில் டிராஃபிக் இரைச்சலில் மெல்லிய முனகல் எவர் காதிலும் விழாது. போவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்: இன்ஜின் ஆஃப் ஆக இருக்கும்போதும் சத்தம் வருகிறதா? மிதித்தால் ஏறுகிறதா? வால்யூமைக் குறைத்தால் கூடவே குறைகிறதா? இந்த மூன்றையும் சொன்னால், நல்ல மெக்கானிக் தலையாட்டிவிட்டு நேராக டிக்கிக்குப் போவார். எதையும் கேட்காமல் புது செட்டின் விலையைச் சொல்பவரிடம், "யோசிச்சிட்டு வர்றேண்ணே" என்று சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்கு நடந்துவிடலாம். அதற்குத்தான் ஒரு ரோடு முழுக்கக் கடைகள் இருக்கின்றனவே!