அதே ஜோடி, அடுத்த ஈற்று

ஒரு ஜோடி நாய்களை இணைசேர்த்து மனத்துக்கு உகந்த குட்டிகளைப் பெற்றவர், அதே ஜோடியை மறுமுறை சேர்த்தால் அதே குட்டிகள் திரும்பக் கிடைக்கும் என்று நம்புவது இயல்பே. அந்த நம்பிக்கையின் மூலம் எது, அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று விசாரிக்கும் ஆவலை எனக்கு உண்டாக்கியவர் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இராஜபாளையம் நாய் வளர்க்கும் ஒரு பட்டு நெசவாளர். முதல் ஈற்றில் அவருக்கு வாய்த்த கடுவன், பாவின் ஓர் இழையையும் தொடாமல் தறிக்குழியின் ஓரத்தில் நாள் முழுதும் படுத்திருந்து, அந்நியர் வாசற்படி ஏறும் கணத்தில் மட்டும் எழுந்து நிற்கும். அதைப் போல் இன்னொன்று வேண்டும் என்று அதே தாயையும் தந்தையையும் மீண்டும் சேர்த்தார். பிறந்தவை யாவும் தூய வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு. சுபாவமோ ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றது. ஒன்று கோழை, ஒன்று பாவையே கடித்து இழுப்பது, ஒன்று நாடாவின் சத்தத்திலும் விழிக்காமல் உறங்குவது.

“அதே டிசைன் அட்டை, அதே பாவு. சேலை மட்டும் எப்படி சார் மாறும்?” என்றார்.

விடையைத் தேடி மரபியல் நூல்களைப் புரட்டினேன். நாயின் உடலணுவில் 39 ஜோடி குரோமோசோம்கள் உண்டு. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றே குட்டிக்குச் செல்கிறது. எந்த ஒன்று என்பது ஒவ்வொரு கருவுக்கும் புதிதாக நிர்ணயமாகிறது. ஆகவே ஒரு தாய் மட்டுமே தரக்கூடிய சேர்க்கைகள் ஏறக்குறைய 55,000 கோடி. தந்தையின் பங்கு வேறு. இரண்டாம் ஈற்றுக் குட்டிகள் முதல் ஈற்றுக்கு உடன்பிறப்புகள், அவ்வளவே. ஒரே ஈற்றில் பிறந்தவை தமக்குள் எவ்வளவு ஒத்திருக்குமோ அதற்கு மேல் ஒற்றுமையை எதிர்பார்க்க இடமில்லை. பின் வெண்மை மட்டும் எப்படித் தவறாமல் திரும்பியது? அக்குணத்தைத் தரும் மரபணுவின் இரு பிரதிகளும் பெற்றோர் இருவரிடமும் ஒன்றாகவே இருந்தன. எதை எடுத்துக் கொடுத்தாலும் விளைவு ஒன்றே. சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறை முன்பு நம் நாட்டு நாய் இனங்களைப் பேணிவந்ததும், இவ்வாறு ஸ்திரப்பட்ட லட்சணங்கள் கலைந்துபோகாமல் காக்கவே.

இந்த உண்மைக்கு ஆகச் சிறந்த சாட்சி அவருடைய தறியிலேயே இருந்ததை உணர்ந்தபோது எனக்கு உண்டான வியப்பு சிறிதல்ல. 1906-இல் ஜப்பானிய விஞ்ஞானி தோயாமா, மெண்டலின் விதிகள் பட்டுப்புழுவுக்கும் பொருந்தும் என்று காட்டி, இரு தூய இனங்களைக் கலந்த முதல் சந்ததியையே விவசாயிக்குத் தரவேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் தறிக்குக் கர்நாடகத்திலிருந்து வரும் மஞ்சள் கூட்டுப் பட்டும் அவ்வழியிலேயே, பியூர் மைசூர் பெண் அந்துப்பூச்சியோடு வெண்கூட்டு இனத்து ஆணைச் சேர்த்துப் பெறுவது. பெற்றோர் இருவரும் தத்தம் குலத்தில் தூயவர்களாதலால், அதே சேர்க்கையை எத்தனை முறை செய்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான கூடுகள் கிடைக்கின்றன. அந்தக் கலப்பினப் பூச்சிகளையே தமக்குள் இணைத்தால் அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறிவிடும்; ஆதலால்தான் விவசாயி ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக முட்டை வாங்குகிறார்.

நாயையும் அவ்வாறு தூய்மைப்படுத்தினால் என்ன என்று கேட்கத் தோன்றும். பூச்சியில் நலிந்த வரிசையைக் கழித்துவிட்டு வேறொன்றைத் தொடங்கலாம். நாயில் நெருங்கிய இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சேர்ப்பதன் விலையை உயிருள்ள குட்டி கொடுக்கிறது. இராஜபாளையத்தின் வெண்மையே அதற்கு அத்தாட்சி. அவ்வெண்மையோடு சேர்ந்து நிறமணுக்கள் உட்செவியிலும் இல்லாதுபோனால், பிறந்த சில வாரங்களுக்குள் செவியின் உணர்வணுக்கள் அழிந்து குட்டி செவிடாகிறது.

நாடாவின் சத்தத்திலும் உறங்கிய அந்தக் குட்டியின் பின்னால் நின்று, அதிர்வு தரையில் படாதவாறு ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் கையில் தூக்கிப் பிடித்துத் தட்டினோம். உடன் கிடந்தவை துள்ளி எழுந்தன; அதன் காதுமடல் அசையவில்லை. ஒரு காது மட்டும் கேளாத நாயை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் கருவி வேண்டும். பெற்றோரில் ஒன்று அவ்வாறு இருந்திருக்கவும் கூடும். இந்த ஜோடியை இனிச் சேர்க்கவேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். கடுவனின் சுபாவம் திரும்புமென்று எவராலும் உறுதி கூற இயலாது. செவிட்டுத்தன்மை திரும்பும் அபாயமோ ஒவ்வொரு ஈற்றிலும் நிற்கும். அவர் சம்மதித்தார், செவிட்டுக் குட்டியைத் தாமே வைத்துக்கொண்டு, கைச்சாடையால் பழக்கத் தொடங்கியிருக்கிறார்.