உருவம் இரண்டு, உயிர் நான்கு

1936இல் ஹாரி லாக்மன் இயக்கத்தில் வெளிவந்த 'அவர் ரிலேஷன்ஸ்' படத்தில், ஸ்டான் லாரலும் ஆலிவர் ஹார்டியும் மனைவியருக்கு அஞ்சி வாழும் ஸ்டான், ஆலி என்னும் இல்லறத்தாராகவும், அவர்களுடைய இரட்டைச் சகோதரர்களான ஆல்ஃப், பெர்ட் என்னும் மாலுமிகளாகவும் இரட்டை வேடம் ஏற்றனர்.

ஒருவரை வேறொருவராகக் கருதிவிடும் ஆள்மயக்கம், வேண்டுமென்றே பிறராக நடிக்கும் ஆள்மாறாட்டத்திலிருந்து வேறானது. இங்கே நால்வரில் எவரும் பிறராக நடிப்பதில்லை, ஆயினும் கப்பல் தலைவரின் முத்து மோதிரம் கைமாறிப்போக, ஒருவர் செய்ததற்கு மற்றவர் பழி சுமக்கிறார்.

கார்ல் டிரையரின் ஜோன் ஆஃப் ஆர்க் படத்தை ஒளிப்பதிவு செய்த ருடால்ஃப் மாத்தேயே இதற்கும் ஒளிப்பதிவாளர் என்பது பலரும் கவனிக்காத, ஆனால் பெரிதும் வியக்கத்தக்க செய்தி.

அடியும் விழுதலுமாக உடலாலேயே சிரிப்பூட்டும் இவ்வகை நகைச்சுவையின் உச்சம், பாதங்கள் சிமெண்டில் உறைந்த நிலையில் ஸ்டானும் ஆலியும் துறைமுக விளிம்பில் தலையாட்டி பொம்மைகளைப்போல் முன்னும் பின்னும் சாய்ந்தாடும் காட்சி. அச்சமும் சிரிப்பும் இத்துணை நெருங்கி நிற்கும் காட்சிகள் திரை வரலாற்றில் மிகச் சிலவே.

இரண்டு முகங்கள் நான்கு மனிதர்களாகப் பிரியும்போது பார்வையாளர் அவர்களைப் பிரித்தறிவது சீருடையாலா, அல்லது உடலசைவாலா?