எண்ணெய் நுழைய ஓர் இடம்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட ஊர் ஊராகப் போய்வருகின்றன. ஊர் திரும்பியதும் அவற்றின் ஹைட்ராலிக் சிலிண்டர்கள் லேத் பட்டறைகளுக்கு வந்து சேரும். அப்படி ஒரு பட்டறையில், ராடு வெளிவரும் வாயை மூடும் கிளாண்டின் ஓரம் எண்ணெய் கசிந்து மண்ணோடு கறுத்துக் கட்டியிருந்த ஒரு சிலிண்டரைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பட்டறைக்காரர் பழைய ஓ-ரிங்கை உடனே வீசிவிடவில்லை. துணியால் துடைத்து, விரல்களுக்கிடையே மெல்ல உருட்டினார். ஒரு விளிம்பு முழுக்க எலி கொறித்தது போலப் பிய்ந்திருந்தது. "பாருங்க சார், பிரஷர்ல சந்துக்குள்ள பிதுங்கியிருக்குதுங்க" என்றார். அழுத்தம் ஏறும்போது ரப்பர் இடுக்கில் நுழைகிறது. இறங்கும்போது இடுக்கு சுருங்கி, நுழைந்ததைக் கடித்துவிடுகிறது. வட்டம் போய்த் தட்டையாகி இறுகியிருந்தால் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும். உடம்பைச் சுற்றித் திருகலாக வெட்டு ஓடினால், அசையும் இடத்தில் வளையம் முறுக்கிக்கொண்டிருக்கும். ஒரே இடத்தில் சுத்தமான கீறல் என்றால் மாட்டும்போது கூர்முனையில் பட்டதுதான். நுழைவாயில் சரிவாகக் கடையப்படாததே பெரும்பாலும் காரணம். இந்தப் படிப்பு இல்லாமல் புது சீல் கிட் போடுவது, அதே கசிவை மறுபடி விலைக்கு வாங்குவதுதான்.

இடுக்கு எங்கிருந்து வந்தது? உள்விட்டம் அளக்கும் போர் கேஜை பேரலுக்குள் விட்டார். 100.30 மி.மீ. எப்போதோ உள்ளே கோடு விழுந்ததால் யாரோ ஹோனிங் செய்திருக்கிறார்கள். பேரல் பெரிதானது, கிளாண்ட் 100-க்குக் கடைந்த பழையதே. வளையம் உட்காரும் காடியின் ஆழத்தைக் கிளாண்டின் மேற்பரப்பிலிருந்து எண்ணுகிறவர்கள் தவறுவது இங்கேதான். வளையம் அழுந்துவது பேரல் சுவரில், ஆகவே கணக்கு அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

புதிய கிளாண்டுக்கு அவர் போட்ட கணக்கு இது. வளையத்தின் பருமன் 5.33. அசையாத இடத்தில் 15 முதல் 25 சதவீதம் வரை நசுங்கலாம். ஆழம் 4.4 என்று வைத்தால் காடியின் அடி விட்டம் 91.5. வளையத்தின் உள்விட்டம் 88.27, மாட்டும்போது மூன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல் இழுபடும், 5-க்குள் அடங்குவதால் பரவாயில்லை. இழுத்தால் பருமன் இளைக்கும் என்பதையும் அவர் மறக்கவில்லை. அதைக் கழித்தாலும் நசுக்கம் ஏறக்குறைய 16 சதவீதம் நிற்கிறது.

அகலத்தில் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை. 5.33 வளையத்துக்கு எட்டு மி.மீ. காடி. அழுத்தம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்புறம், ரப்பர் இடுக்கில் பிதுங்காமல் தடுக்க, ஒரு டெஃப்லான் பேக்கப் ரிங் உட்கார வேண்டும். அதற்குமேல் காலி இடமும் மிஞ்ச வேண்டும். இறுக்கமான காடிதான் நல்ல காடி என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆனால் முதலில் நசுக்கி வைப்பது தொடக்கப் பிடிமானம் மட்டுமே. எண்ணெய் காடிக்குள் வந்து வளையத்தைப் பின்னாலிருந்து தள்ளும்போதுதான் உண்மையான அடைப்பு உண்டாகிறது. சூட்டில் ரப்பர் உப்பவும் இடம் வேண்டும். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937-இல் விண்ணப்பித்து 1939-இல் பெற்ற காப்புரிமையின் உயிரும் இதுவே: வளையத்தோடு அதற்கேற்ற அகலக் காடி. எனக்கு ரப்பரைவிட அந்தக் காலி இடமே பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது.

காடி டூல் மெதுவாக இறங்கியது. ஓரங்களின் பிசிறை எமரித் தாளால் எடுத்து, நகத்தால் தடவிப் பார்த்த பிறகே எண்ணெய் தொட்டு வளையத்தை மாட்டினார். உதவிக்கு நின்ற பையனிடம், "முறுக்காம போடு தம்பி" என்றார். ராடு ஏறி இறங்கி, அழுத்தத்தில் நிறுத்தி வைத்தும் கிளாண்ட் ஓரம் உலர்ந்தே இருந்தது.

இத்தகைய சிலிண்டர்கள் பலவும் வரைபடம் இல்லாமலே வருகின்றன. கடைந்தவரின் அளவு அவரோடு போய்விடுகிறது. அடுத்த ஊரில் பிரிப்பவர் தேய்ந்த காடியை அளந்து அதையே நகலெடுக்கிறார். இவர் அப்படி விடவில்லை. கிளாண்டின் வெளிமுகத்தில் எண் பஞ்சால் இரண்டு அளவுகளை அடித்தார்: பேரல் 100.30, காடி 91.5.