மறவனைத் தேடிப் போனோம்!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலைக்குப் புறப்பட்டபோது என் சகதர்மிணிக்கு ஒரே ஓர் ஆசைதான். 2019-ல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்களே, அந்தத் 'தமிழ் மறவ'னை ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும்! மேற்குத் தொடர்ச்சி மலைவாசியான அது இங்கே கிடைப்பது அபூர்வம் என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

பெரியார் நீர்வீழ்ச்சியருகே, "அதோ, அதோ!" என்று கூவினாள். கறுப்பாக ஒன்று சாவகாசமாகப் பறந்து வந்து இலைமேல் உட்கார்ந்தது.

"மறவன் ஆரஞ்சு நிறமாயிற்றே! இதன் மீசையைப் பார். பட்டாம்பூச்சியானால் மீசை நுனியில் குண்டூசித் தலைபோல் குமிழ் இருக்கும். இதற்கு வெறும் நூல். இது அந்துப்பூச்சி" என்றேன்.

"அரிசிப் பானை அந்தா?" அவள் முகம் வாடிவிட்டது.

"அதற்குத் தூரத்து உறவு. பகலில் பறக்கிற ஜாதி. தமிழ்நாட்டில் சாதாரணமாகக் காணலாம். இதன் புழுவுக்குச் சந்தன இலை விருந்து!"

அவள் குனிந்து பார்த்தாள். கறுப்பு இறக்கையில் கண்ணாடி ஜன்னல்கள், உடம்பில் பட்டைகள். "குளவி மாதிரி இருக்கிறதே!"

"அதுதான் சூட்சுமம். குளவியென்று பயந்து பறவைகள் ஒதுங்கிவிடும். உண்மையில் கொடுக்கே கிடையாது."

"ஆயுதமில்லாமல் எதிரியை விரட்டுகிறதா? அப்படியானால் மறவன் என்ற பெயர் இதற்கல்லவா பொருந்தும்!"

எனக்குப் பதில் தெரியவில்லை. நிஜ மறவன் அன்று கண்ணில் படவே இல்லை. ஆனால் ஏமாற்றத்தோடு மலையிறங்கியவர் எங்களில் யாருமில்லை.